யோருபா மக்களின் வழிபாடும் அன்றாட வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைஜீரியாவின் இபாதான் நகரத்தில் பள்ளி ஆசிரியராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "அங்கே பில்லி சூனியம் நிறையவாமே?" என்பதுதான். பதில் சொல்லத் தொடங்குவேன். பாதியில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் யோருபா வழிபாட்டில் தீட்சை பெற்றவன் இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்து பார்த்தது, கேட்டது, பிறகு படித்துச் சரிபார்த்தது, அவ்வளவுதான்.

யோருபா என்பது ஊரா, மொழியா, இனமா?

மொழி. அதைப் பேசும் மக்களுக்கும் அதுவே பெயர். நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதி அவர்களுடைய நாடு: லாகோஸ், இபாதான், அபெயோகுட்டா, ஓயோ, இலே-இஃபே. பக்கத்து நாடுகளான பெனினிலும் டோகோவிலும் இருக்கிறார்கள். எல்லோரையும் சேர்த்தால் 4 கோடிக்கு மேல் வரும்.

இவர்களுக்கு எல்லாம் தொடங்கிய இடம் இலே-இஃபே. கதை இப்படிப் போகும். ஆதியில் கீழே தண்ணீர் மட்டும்தான். பூமியைச் செய்துவிட்டு வரச் சொல்லி ஒபாதாலா என்ற தெய்வத்தை மேலிருந்து அனுப்பினார்கள். கையில் ஒரு நத்தை ஓடு நிறைய மண், கூடவே ஐந்து விரல் கொண்ட ஒரு கோழி. வழியில் பனங்கள் குடித்து அவர் தூங்கிப்போனார். ஒதுதுவா என்ற இன்னொரு தெய்வம் அந்த மண்ணை எடுத்துக்கொண்டு சங்கிலி பிடித்து இறங்கி, தண்ணீரின் மேல் கொட்டிக் கோழியை விட்டது. கோழி கிளறக் கிளற மண் பரவி நிலமானது. இஃபே என்ற பெயரையே 'பரவுதல்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். ஒபாதாலாவைக் கும்பிடுகிறவர்கள் இன்றைக்கும் பனங்கள்ளைத் தொடுவதில்லை.

அவர்கள் மதத்துக்குப் பெயர் என்ன?

இஷேஷே. 'தொன்று தொட்டு வருவது' என்று பொருள் சொல்லலாம். இதைத் தோற்றுவித்தவர் என்று ஒருவர் கிடையாது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே தலைமையும் கிடையாது. ஓர் ஊரில் பெரிய தெய்வம், அடுத்த ஊரில் பெயரளவுக்குத்தான் இருக்கும்.

கடவுள் ஒருவரா, பலரா?

எல்லாவற்றுக்கும் மேலே ஒலோடுமாரே இருக்கிறார். ஒலோருன், அதாவது வானத்துக்கு உரியவர், என்றும் சொல்வார்கள். அவருக்குக் கோயிலோ பூசாரியோ விழாவோ இல்லை. ஆனால் நாள் முழுக்க அவர் பெயர் வாயில் இருக்கும். அவருக்கும் நமக்கும் நடுவே உலகத்தை நடத்துகிறவர்கள் ஒரிஷாக்கள். எத்தனை பேர் என்றால் 401 என்பார்கள். 400 என்பது 'ஏராளம்' என்பதற்கான கணக்கு. கூட இருக்கும் அந்த ஒன்று, இன்னும் ஒருவர் வந்தால் அவருக்கும் இடம் உண்டு என்பதற்காக என்று எனக்கு விளக்கினார்கள்.

முக்கியமான ஒரிஷாக்கள் யார் யார்?

ஓகுனிலிருந்து தொடங்குகிறேன், அவரைத்தான் நான் தினமும் பார்த்தேன். இரும்புக்கு உரியவர். கொல்லர், வேட்டைக்காரர், போர்வீரர் கும்பிட்ட தெய்வம். இன்று மெக்கானிக், லாரி டிரைவர், வெல்டர் எல்லோருக்கும் அவர்தான். என் வீட்டுத் தெரு முனையில் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. மூலையில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைக் குவித்து, மேலே குருத்தோலை கட்டியிருப்பார்கள். குப்பை என்றுதான் முதலில் நினைத்தேன். அதுதான் ஓகுனின் இடம். நைஜீரிய நீதிமன்றத்தில் பைபிளோ குர்ஆனோ வேண்டாம் என்கிறவர் இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்யலாம். ஓகுன் பெயரில் பொய் சொல்ல யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் துணிச்சல் வராது. 1986இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற வோலே ஷோயின்கா தன் படைப்புக்குத் துணை நிற்கும் தெய்வமாக ஓகுனைத்தான் சொல்லிக்கொள்கிறார்.

ஷாங்கோ இடிக்கு உரியவர். ஓயோவை ஆண்ட மன்னராக இருந்து தெய்வமானவர். இரட்டை முனைக் கோடாரி அவர் அடையாளம். மண்ணுக்குள் கிடைக்கும் கற்காலக் கோடாரிகளை, இடி விழும்போது அவர் எறிந்த கற்கள் என்று எடுத்து வைத்திருப்பார்கள். அவர் மனைவியரில் ஓயா சூறைக்காற்று. நைஜர் ஆற்றுக்கு யோருபாவில் ஓயாவின் ஆறு என்றே பெயர். ஓஷுன் நன்னீரும் பிள்ளைப்பேறும் தருபவள். யெமோஜா ஒகுன் ஆற்றுக்குத் தாய். ஒபாதாலா கருவில் உடலை வனைகிறவர், வெள்ளைக்கு உரியவர். கூன் விழுந்தவர்களும் தோல் வெளுத்துப் பிறந்தவர்களும் அவருடைய பிள்ளைகள், அவர்களைக் கேலி செய்யக் கூடாது. ஒசான்யின் இலை மருந்துக்கு. ஷொப்பொனா பெரியம்மைக்கு, அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லவே பயப்படுவார்கள், 'உலகத்துக்கு அரசன்' என்பது போலச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். ஒருன்மிலா ஞானத்துக்கும் குறி பார்ப்பதற்கும் உரியவர்.

எஷு என்பவர் சாத்தானா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் பொறுமையாகப் பதில் சொல்வேன்.

எஷு தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவே செய்தி கொண்டுபோகிறவர். நாற்சந்தியில், வாசலில், சந்தையில் இருப்பவர். யாருக்குப் படைத்தாலும் அவருக்கு முதல் பங்கு; இல்லையென்றால் படையல் போய்ச் சேராது. குறும்புக்காரர், ஆளைச் சோதிப்பார், வார்த்தை தவறினால் குழப்பி விடுவார். ஆனால் கடவுளுக்கு எதிரி இல்லை, நரகத்துக்கு அதிபதியும் இல்லை. நரகம் என்ற எண்ணமே பழைய யோருபா நம்பிக்கையில் கிறிஸ்தவர்கள் சொல்கிற விதத்தில் கிடையாது.

அப்புறம் எப்படி இந்தப் பெயர் வந்தது? 19ஆம் நூற்றாண்டில் பைபிளை யோருபாவில் மொழிபெயர்த்தார்கள். அதில் பெரும்பங்கு சாமுவேல் அஜாயி கிரவுதருடையது. சிறுவனாக இருந்தபோது அடிமை வியாபாரிகளிடம் சிக்கி, மீட்கப்பட்டு, பிறகு ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனவர். அந்த மொழிபெயர்ப்பில் பிசாசு என்று வரும் இடத்தில் எஷு என்று போட்டுவிட்டார்கள். கிரவுதர் யோருபா மொழிக்குச் செய்தது பெரிய தொண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லால் ஒரு தெய்வத்தின் பெயர் கெட்டது. இன்று யோருபா பிள்ளைகளே எஷு என்றால் கொம்பு முளைத்த பிசாசு என்று படித்து வளர்கிறார்கள்.

'ஒரி' என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரி என்றால் தலை. உள்ளே இருக்கும் தலை, அதாவது நாம் பிறக்கும் முன்பே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்த விதி. யோருபா வழிபாட்டின் நடுவில் இருப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன். இடி, நதி, முகமூடி எல்லாம் கண்ணில் படும், தலை படாது. 'ஒருவனுடைய ஒரிக்கு மேலே போய் எந்த ஒரிஷாவும் துணை நிற்க முடியாது' என்று ஒரு வழக்கு உண்டு.

இஃபா என்பது அவர்கள் குறி பார்க்கும் முறை; அதன் பாட்டில் வரும் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். மேலுலகத்தில் அஜாலா என்று ஒரு குயவர். தலைகளை வனைந்து சுடுவது அவர் வேலை. கைத்திறன் உண்டு, ஆனால் ஒழுங்கு இல்லை. கழுத்து வரை கடன். அதனால் பல தலைகள் சரியாக வேகாமல் கிடக்கும். பூமிக்குக் கிளம்பிய மூன்று நண்பர்கள் தலை எடுக்க அங்கே போகிறார்கள். வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. இருவர் நேராகப் போய், பார்க்க அழகாக இருந்த தலைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். இறங்கும் வழியில் மழை பிடித்தது, வேகாத மண் கரைந்தது. பூமியில் எவ்வளவு உழைத்தும் அவர்களுக்குக் கையில் எதுவும் நிற்கவில்லை.

மூன்றாமவன் அஃபுவாபே. அவன் அப்பா ஒருன்மிலா. அப்பாவைப் பார்க்காமல் போக மனம் வராமல் வீட்டுக்குப் போகிறான். குறி பார்த்து, கொஞ்சம் உப்பும் பணமும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். வழியில் ஒரு காவல்காரர் குழம்பில் சாம்பல் போட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறார். அஃபுவாபே உப்பைப் போட்டுக் காட்டுகிறான். ருசி கண்டவர் அவனை அஜாலா வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே வாசலில் கடன்காரர் உட்கார்ந்திருக்க, அஜாலா கூரைக்குள் ஒளிந்திருக்கிறார். அஃபுவாபே பணத்தைக் கொடுத்துக் கடனை அடைக்கிறான். மனம் குளிர்ந்த அஜாலா இறங்கி வந்து, இரும்புக் கோலால் தலைகளைத் தட்டிப் பார்த்து, நன்றாக வெந்த ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். மழையில் அது கரையவில்லை.

இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அஃபுவாபே கெட்டிக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. அப்பாவைப் பார்க்கப் போனான், சமைக்கிறவருக்கு உப்புக் கொடுத்தான், கடனில் கிடந்தவரைத் தூக்கிவிட்டான். தலை அதனால் கிடைத்தது.

அப்படியென்றால் எல்லாம் தலையெழுத்து, நாம் செய்ய ஒன்றும் இல்லையா?

அப்படி விட்டுவிடுவதில்லை. ஒரியோடு எஸே வேண்டும் என்பார்கள். எஸே என்றால் கால், நடப்பது, முயல்வது. தலைகள் எல்லாம் கூடிக் காலைக் கூப்பிடாமலேயே ஒரு காரியம் பேசி முடிவு செய்து, நிறைவேற்ற முடியாமல் திண்டாடிய கதையும் இஃபாவில் இருக்கிறது.

இன்னொன்று இவா. குணம், நடத்தை. அந்தச் சொல்லின் வேர் 'இருத்தல்'. இவா என்பவள் ஒருன்மிலாவின் மனைவி என்று ஒரு கதை. அவர் அவளைச் சரியாக நடத்தவில்லை, அவள் போய்விட்டாள். அவள் போனதும் அவரிடமிருந்து பெயரும் செல்வமும் போயின. வீடு வீடாக, ஊர் ஊராக அவளைத் தேடி அலைந்தார். 'இவாதான் அழகு' என்று சொல்வது அங்கே சாதாரணப் பேச்சு. நிதானமான நல்ல குணத்துக்கு இவாபெலே என்று தனிப் பெயர். ஒரு பிள்ளையைப் புகழ வேண்டுமென்றால் பெரியவர்கள் மார்க்கைச் சொல்ல மாட்டார்கள், இதைச் சொல்வார்கள். ஆசிரியராக இருந்ததால் எனக்கு அது அடிக்கடி காதில் விழுந்தது.

அன்றாடம் என்ன செய்கிறார்கள்?

கடைப்பிடிக்கிறவர்கள் வீட்டில், காலையில் யாரிடமும் பேசும் முன் தலையைத் தொட்டு ஒரிக்கு வணக்கம் சொல்வது உண்டு. வாசலில் அல்லது தெய்வத்தின் முன் குளிர்ந்த நீர் ஊற்றுவார்கள். 'குளிர்ச்சி' என்பது அங்கே அமைதிக்கான சொல். முன்னோர் பெயரைச் சொல்லித் தரையில் நீர் தெளிப்பார்கள். நான்கு பருப்பாகப் பிரியும் கோலாக் கொட்டையை உடைத்துப் போட்டு, எத்தனை உள்முகமாக விழுந்தன என்று பார்த்து 'ஆம், இல்லை' தெரிந்துகொள்வார்கள். வாழ்த்துச் சொன்னால் கேட்பவர் 'அஷே' என்பார். 'அப்படியே ஆகட்டும்' என்று பொருள். சொன்னதை நடக்க வைக்கும் ஆற்றலுக்கும் அதுவே பெயர். அதனால்தான் வாயிலிருந்து வரும் சொல்லில் அவ்வளவு கவனம்.

பழைய யோருபா வாரம் நான்கு நாள். ஒபாதாலா, ஒருன்மிலா, ஓகுன், ஷாங்கோ என்று நாளுக்கு ஒரு தெய்வம். தன் தெய்வத்தின் நாளில் படையல் வைப்பார்கள்.

பெரிய காரியங்களுக்கு முன் தலைக்கே பூசை உண்டு. கோலாக் கொட்டை, தேங்காய், தண்ணீர் இவற்றை நெற்றியில் ஒற்றி வேண்டுவார்கள். தலைக்கு ஊட்டுவது என்று அதைச் சொல்கிறார்கள்.

மதம் மாறிய வீடுகளிலும் மாறாமல் இருப்பது வணக்கம். யோருபா மொழியில் எதற்கும் ஒரு வணக்கம் உண்டு: வேலை செய்கிறவருக்கு ஒன்று, சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, பயணத்திலிருந்து வந்தவருக்கு ஒன்று. பெரியவர் முன் ஆண்பிள்ளை நெடுஞ்சாண்கிடையாக விழுவான், பெண்பிள்ளை முழங்காலிடுவாள். நகரத்தில் அது லேசாகக் குனிவதாகச் சுருங்கிவிட்டது. ஆனால் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் அவன் நண்பர்களும் பெண் வீட்டார் முன்னால் வரிசையாகத் தரையில் படுப்பதை இன்றும் பார்க்கலாம்.

இஃபா குறி எப்படிப் பார்க்கிறார்கள்?

குறி பார்ப்பவர் பாபாலாவோ, 'மறைபொருளின் தந்தை'. பெண்ணாக இருந்தால் இயானிஃபா. கையில் 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகள். முன்னால் வேலைப்பாடு செய்த மரத்தட்டு, அதில் மெல்லிய மரப்பொடி. இடது கையில் இருக்கும் கொட்டைகளை வலது கையால் ஒரே பிடியாக அள்ளுவார். மிச்சம் ஒன்று இருந்தால் பொடியில் இரண்டு கோடு, இரண்டு இருந்தால் ஒரு கோடு. இப்படி எட்டு முறை. நான்கு நான்காக இரண்டு வரிசை வரும். ஒவ்வொரு வரிசைக்கும் 16 வாய்ப்பு, ஆக மொத்தம் 256. இந்த 256க்கும் ஒடு என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் உண்டு. எஜி ஒக்பே முதலாவது. அவசரத்துக்கு எட்டு விதை ஓடுகள் கோத்த சங்கிலியை ஒரு முறை வீசியும் பார்ப்பார்கள்.

ஒடு விழுந்ததும் அதற்குரிய பாட்டுகளைப் பாடத் தொடங்குவார். ஒவ்வொரு பாட்டும் ஒரு பழைய வழக்கு. முன்பு ஒருவர் இன்ன கவலையோடு வந்தார், அவருக்கு இன்ன படையல் சொல்லப்பட்டது, அவர் செய்தார் அல்லது செய்யவில்லை, பிறகு இது நடந்தது. பல இடங்களில் வந்தவர் தன் கவலையை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. காசைக் கையில் வைத்து அதனிடம் கிசுகிசுத்துவிட்டுக் கீழே வைப்பார். பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே வந்து, 'இது என் கதை' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவார். அங்கிருந்துதான் பேச்சு.

எனக்கு இதில் பிடித்தது இந்த நிறுத்தம்தான். தன் கதை எது என்று வந்தவரே அடையாளம் காண வேண்டும்.

இத்தனை பாட்டும் மனப்பாடம். சிறுவயதில் குருவிடம் சேர்ந்து பத்தாண்டு போலப் படிப்பவர்கள் உண்டு. 2005இல் யுனெஸ்கோ இஃபாவை மனிதகுலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. இஃபே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வாண்டே அபிம்போலா, தானே ஒரு பாபாலாவோ. அவர் தொகுத்து எழுதியவை வழியாகத்தான் வெளியாட்கள் பலர் இந்தப் பாட்டுகளைத் தெரிந்துகொண்டோம்.

உயிர்ப்பலி உண்டா?

உண்டு, மறைக்க வேண்டியதில்லை. படையலுக்கு எபோ என்று பெயர். எபோ என்றால் ரத்தம் மட்டும் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர், சேனை போன்ற யாம் கிழங்கு, தேன், பனை எண்ணெய், கோலா, துணி, காசு, ஒரு பழக்கத்தை விடுவது, எல்லாம் எபோதான். கோழி, புறா, ஆடு பலி கொடுக்கும்போது பெரும்பாலும் சமைத்துக் கூடியிருப்பவர்கள் சாப்பிடுவார்கள். ஓகுனுக்கு நாய். இது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. நான் பார்க்கவும் போகவில்லை.

அமெரிக்காவில் இது வழக்காகவே போனது. ஃபுளோரிடாவின் ஹயலியா நகரம் ஒரிஷா வழிபாட்டுக்காரர்களின் உயிர்ப்பலியைக் குறிவைத்துத் தடை போட்டது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது?

எட்டாம் நாள் பெயர் சூட்டு. முன்பு ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஏழு, இரட்டையருக்கு எட்டு என்று இருந்தது. தேன், உப்பு, தண்ணீர், கோலா, மிளகு போன்ற அடாரே விதை இவற்றை ஒவ்வொன்றாகக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்துச் சொல்வார்கள்.

பெயரைக் கேட்டாலே வீட்டின் கதை தெரியும். தாத்தா இறந்த பின் பிறந்த பையன் பாபாதுண்டே, 'அப்பா திரும்பி வந்தார்'. பாட்டி இறந்த பின் பிறந்த பெண் யெதுண்டே. இஃபா, ஓகுன், ஓஷுன் என்று தொடங்கும் பெயர் அந்தக் குடும்பம் எந்தத் தெய்வத்துக்குரியது என்று சொல்லும். அயான் என்று தொடங்கினால் பறை கொட்டும் குடும்பம். மதம் மாறியவர்கள் சிலர் 'இஃபா'வை எடுத்துவிட்டு 'ஒலு' என்றோ 'ஜேசு' என்றோ மாற்றிக்கொண்டார்கள்.

மனதைப் பிசையும் பெயர்களும் உண்டு. குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தால், ஒரே குழந்தைதான் வந்து வந்து போகிறது என்று நம்பினார்கள். அபிக்கு என்று அதற்குப் பெயர். அடுத்து பிறந்ததற்கு மாலோமோ, 'இனிப் போகாதே' என்று வைப்பார்கள். துரோஜாயே, 'இருந்து வாழ்ந்து பார்'. இந்தச் சாவுகளில் பல அரிவாள் செல் நோயால் வந்தவை என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் வகுப்பில் ஒரு மாலோமோ இருந்தாள். வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

இரட்டைக் குழந்தைகளைக் கும்பிடுவார்களாமே?

உலகத்திலேயே இரட்டைப் பிறப்பு மிக அதிகமாக உள்ள மக்களில் இவர்கள் முன்னால் நிற்கிறார்கள். ஓயோ மாநிலத்தில் இக்போ-ஓரா என்ற ஊர் அதற்கே பேர்போனது. இரட்டையர் இபேஜி. முதலில் வெளியே வரும் பிள்ளைக்குப் பெயர் தாய்வோ, இரண்டாவது கெஹின்டே. மூத்தவர் யார் என்றால் கெஹின்டே! 'போய் உலகத்தை ருசி பார்த்து வா' என்று தம்பியை முன்னே அனுப்பி, அழுகைச் சத்தம் கேட்ட பிறகு அண்ணன் வருவாராம். அடுத்து பிறக்கும் பிள்ளை இடொவு, அதற்கும் அடுத்தது அலாபா.

இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் ஒரு சின்ன மரப்பாவை செதுக்குவார்கள். இருவருக்கும் உயிர் ஒன்று என்பதால், போனவர் மற்றவரையும் கூப்பிட்டுக்கொள்ளக் கூடாது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறாளோ அதையே தாய் பாவைக்கும் செய்வாள். குளிப்பாட்டுவாள், சோறு காட்டுவாள், மணி கோத்துப் போடுவாள், இடுப்பில் செருகிக்கொள்வாள். தேய்த்துத் தேய்த்து முகம் மழுங்கிப்போன பாவைகள் இன்று மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் நிற்கின்றன. கலைப்பொருள் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஒரு தாயின் கை தேய்த்த தேய்மானம் அது.

முகமூடி அணிந்து ஆடுகிறவர்கள் யார்?

உடல் முழுக்கத் துணி அடுக்குகளால் மூடி, குரலை மாற்றிப் பேசி வருபவர் எகுன்குன். இறந்த முன்னோர் விருந்தாளியாக வந்திருக்கிறார் என்று கொள்வார்கள். உள்ளே யார் என்று கேட்கக் கூடாது. கெலெடே வேறு. அது 'எங்கள் தாய்மார்' என்று சொல்லப்படும் மூத்த பெண்களின் ஆற்றலை மகிழ்விக்க ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடுவது. கெலெடே பார்த்த கண் காட்சியின் எல்லையைப் பார்த்துவிட்டது என்பார்கள்.

பெண்களுக்கு என்ன இடம்?

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. பூமிக்கு வந்த 17 தெய்வங்களில் ஓஷுன் ஒருத்திதான் பெண். மற்ற 16 பேரும் அவளைக் கலந்துகொள்ளாமலே எல்லாம் செய்தார்கள். மழை பெய்யவில்லை, எதுவும் பலிக்கவில்லை. ஒலோடுமாரேயிடம் போய் முறையிட்டதற்கு, 'அந்தப் பதினேழாவது ஆளைக் கேட்டீர்களா?' என்றார். திரும்பி வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் உலகம் நடந்தது. பெண் பூசாரிகள் எல்லா ஊரிலும் உண்டு.

அதே சமயம் ஆண்கள் மட்டும் நடத்தும் ஒரோ என்ற விழா நடக்கும் நேரத்தில் பெண்கள் வெளியே வரக் கூடாது என்ற கட்டுப்பாடு சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதை எதிர்த்து யோருபாப் பெண்களே பேசுகிறார்கள். அவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது.

பெரும்பாலானோர் கிறிஸ்தவர், முஸ்லிம் என்கிறார்களே?

உண்மை. ஒரே குடும்பத்தில் அண்ணன் முஸ்லிம், தங்கை கிறிஸ்தவள் என்பது சாதாரணம். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். 'உலகத்துக்கு வந்தபோதே இஃபா இருந்தது, இஸ்லாமும் இருந்தது, கிறிஸ்தவம் நடுப்பகலில்தான் வந்தது' என்று ஒரு பழைய பாட்டு. இஷேஷேயை மட்டும் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. வெளியே சொல்லத் தயங்குகிறவர்களும் உண்டு. 2023இல் இலோரின் நகரில் இஷேஷே விழா நடத்த விடாமல் எதிர்ப்பு வந்தது. அதே ஆண்டு லாகோஸ், ஒகுன், ஓயோ, ஓஷுன் மாநிலங்கள் ஆகஸ்ட் 20 இஷேஷே நாளுக்காக விடுமுறை விட்டன. இரண்டும் ஒரே ஆண்டில்.

வெளியாட்கள் பார்க்கக்கூடிய புனித இடம் எது?

ஒஷொக்போ நகரத்தில் ஓஷுன் காடு. ஆற்றங்கரையில் 75 ஹெக்டேர், 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு காலத்தில் ஒவ்வொரு யோருபா ஊருக்கும் இப்படி ஒரு காடு இருந்தது. மற்றவை பெரும்பாலும் அழிந்துபோயின. இது பிழைத்ததில் சூசன் வெங்கருக்குப் பங்கு உண்டு. 1915இல் ஆஸ்திரியாவில் பிறந்த ஓவியர், 1950இல் நைஜீரியா வந்தார், தீட்சை பெற்றார், உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து காட்டுக்குள் சிலைகளும் கோயில்களும் எழுப்பினார், 2009இல் அங்கேயே காலமானார்.

ஆகஸ்டில் விழா. மணமாகாத ஓர் இளம்பெண் தலையில் துணி மூடிய சுரைக்குடுவையைச் சுமந்து அரண்மனையிலிருந்து ஆறு வரை நடப்பாள். அவள் கால் இடறக் கூடாது. கூட்டம் முழுக்க அவள் பாதத்தைப் பார்த்தபடி நகரும். பிறகு ஆற்று நீரை எடுத்துக் குடிப்பார்கள், புட்டியில் நிரப்பிப் போவார்கள். இப்போது ஆற்றின் மேற்பகுதியில் சட்டவிரோதமாகத் தங்கம் தோண்டுகிறார்கள், ஆறு சேற்று நிறமாகிவிட்டது. 2022 விழாவின்போது தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அரசே எச்சரித்தது. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் குடிக்கும் தண்ணீர் அது. நினைத்தால் வயிறு எரிகிறது.

பிரேசிலிலும் கியூபாவிலும் இந்தத் தெய்வங்கள் எப்படி?

ஓயோ பேரரசு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிந்து, போர்களில் பிடிபட்ட யோருபா மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் கொண்டுபோன வழிபாட்டுக்குப் பிரேசிலில் கந்தோம்பிளே என்று பெயர், கியூபாவில் சந்தேரியா. எஜமானர் கண்ணுக்குக் கத்தோலிக்கப் புனிதர், கும்பிடுகிறவர் மனதில் ஒரிஷா. ஷாங்கோவைப் புனித பார்பராவின் படத்துக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றினார்கள். பிரேசிலின் சால்வடோரில் பிப்ரவரி 2 அன்று யெமோஜாவுக்குப் பூவும் வாசனைத் தைலமும் படகில் கொண்டுபோய்க் கடலில் விடுகிறார்கள். ஊரில் ஆற்றுத் தாயாக இருந்தவள் அங்கே கடல் தாயாகிவிட்டாள்.

இணையத்தில் 'இஃபா பரிகாரம்' என்று பணம் கேட்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். 'உடனே பணக்காரர் ஆகலாம்', 'பிரிந்தவரைச் சேர்த்து வைக்கிறேன்', 'செய்யாவிட்டால் சாவு' என்று பேசுகிறவரிடம் விலகிப் போங்கள்.

தமிழில் இந்தப் பெயர்களை எப்படிச் சரியாக எழுதுவது?

முழுக்கச் சரியாக எழுத முடியாது. யோருபாவில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும். 'ஒகோ' என்பதை ஒரு மாதிரிச் சொன்னால் கணவன், இன்னொரு மாதிரி மண்வெட்டி, வேறு மாதிரி வண்டி, மற்றொரு மாதிரி ஈட்டி. இரும்புத் தெய்வமும் அபெயோகுட்டா வழியாக ஓடும் ஆறும் இரண்டுமே நம் காதுக்கு ஒகுன்தான், உச்சரிப்பு வேறு. இந்தப் பக்கத்தில் பிரித்துக் காட்டத் தெய்வத்துக்கு நெடிலும் ஆற்றுக்குக் குறிலும் போட்டிருக்கிறேன். இது என் வசதிக்காகச் செய்தது. பறையில் இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே வாசிப்பதால்தான் அவர்கள் கொட்டும் பறை பேசுகிறது என்கிறார்கள். நிஜமாகவே பேசும். கல்யாண வீட்டு வாசலில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்.

யோருபா வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் எப்படி நடந்துகொள்வது?

நுழைந்ததும் முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவருக்கு முதலில். 'நீ', 'நீங்கள்' வேறுபாடு அங்கேயும் உண்டு. மூத்தவருக்கு 'ஏ' சேர்த்துச் சொல்ல வேண்டும், விட்டுவிட்டால் முகம் மாறும். இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். பூசைச் சாமான் எதையும் கேட்காமல் தொட வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். கோலாக் கொட்டை நீட்டினால் வலது கையில் வாங்கிக் கொஞ்சம் கடியுங்கள். முதலில் கசக்கும். மேலே தண்ணீர் குடியுங்கள், தித்திக்கும்.